சுடுகளத்தில் ஒரு குரல்

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரம் ஒன்றில், நண்பர் மகளின் பயிற்சியைக் காண்பதற்காகத் துப்பாக்கி சுடும் களம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். துப்பாக்கிக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அகராதியோடும் அரசாங்கக் காகிதங்களோடும் காலங்கழிப்பவன் நான். பார்வையாளருக்கென்று போட்டிருந்த விசுப்பலகையில் பத்துப் பேர் அமர்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னே ஆறேழு பேர், முதுகு எங்கள் பக்கமாக, வரிசையில் நின்று சுட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் நடுத்தர வயதினர். நல்ல உடை, நல்ல தோற்றம். களத்துக்குப் புதியவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அவருடைய கைத்துப்பாக்கி எதனாலோ வெடிக்கவில்லை. விசையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு, இது ஏன் இப்படிச் செய்கிறது என்று பின்னால் இருந்த தம் நண்பரைக் கேட்பதற்காக, துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே திரும்பினார். தோட்டக்காரன் பூவாளியால் பாத்திக்கு நீர் விடுவது போல, அந்தக் குழலின் வாய் எங்கள் விசுப்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்ல நகர்ந்தது. விரல் விசையின் மீதே இருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. அச்சத்தால் அன்று. அறிமுகமில்லாத பெரிய மனிதரை எப்படி விளிப்பது, ‘ருகோ’ என்பதா, ‘ருகியே’ என்பதா என்று என் மனம் மரியாதைக்குரிய வினைமுற்றைத் தேடிக்கொண்டிருந்தது! நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் பிற மாநிலங்களில் நெடுநாள் வாழ்ந்துவரும் தமிழர்களுக்கு இந்தத் தயக்கம் புதிதன்று. வந்த இடத்தில் குரலை உயர்த்தலாகாது என்பது நம் இரத்தத்தில் ஊறிப்போன பாடம்.

அதற்குள் பக்கத்துத் தடத்தில் நின்ற சிறுவன் ஒருவன் ‘ஸ்டாப்!’ என்று உரக்கக் கூவினான். வயது பதினான்குக்கு மேல் இராது. மறுகணம் வரிசை முழுவதும் வெடியோசை அடங்கிற்று. களப் பொறுப்பாளர் விரைந்து வந்து, பெரியவரை மீண்டும் இலக்கின் பக்கம் திரும்பச் செய்து, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னார். திறந்து பார்த்தபோது தோட்டா உள்ளேதான் இருந்தது. பெரியவரின் முகம் சிவந்தது. ஆனால், ‘நீ யாரடா என்னைச் சொல்வதற்கு?’ என்று அவரும் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

வயதுக்கும் பதவிக்கும் தலைவணங்கிப் பழகிய நம் நாட்டில் அந்தச் சிறுவனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால் இரண்டு நூற்றாண்டு வரலாறு விரிகிறது.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகனை நாம் அறிவோம். நீலகிரியில் உள்ள வெலிங்டன் என்ற ஊர் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. படைகளை நடத்துவதில் நிகரற்றவரான அவர், வேட்டைத் துப்பாக்கியைக் கையாளுவதில் மகா மோசம். 1823-ம் ஆண்டில் வேர்ஸ்டெட் என்ற இடத்தில் நடந்த வேட்டையில், பறவைக்குச் சேரவேண்டிய சன்னங்கள் கிரான்வில் பிரபுவின் முகத்தில் போய்ச் சேர்ந்தன. மற்றொரு முறை, ஷெல்லி சீமாட்டியாரின் பண்ணையில், துணி துவைத்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தியின் மீது அவர் சுட்ட சன்னங்கள் பாய்ந்தன. அவள் அலறியபோது சீமாட்டியார் சொன்ன ஆறுதல் பிரசித்தமானது: மாபெரும் வெலிங்டன் கோமகன் கையால் சுடப்படும் பேறு உனக்குக் கிடைத்ததே, இதைவிடப் பெருமை உன் வாழ்நாளில் வேறு ஏது என்ற கருத்துப்படப் பேசினாராம்! இது கதையாகவே நகைக்கத்தக்கது. ஆனால் அன்று அந்தப் பண்ணையில் இருந்தவர்களுள், ‘பிரபுவே, குழலைத் தாழ்த்துங்கள்’ என்று சொல்லக்கூடியவர் ஒருவரேனும் இருந்தாரா? விருந்து கொடுப்பவர் வாயை உபசாரம் மூடிற்று. வேலைக்காரர் வாயை வயிறு மூடிற்று.

வேட்டைக் களம் அறிமுகமானவர்கள் கூடும் இடம். அதுவே அதன் ஆபத்து. 1891-ம் ஆண்டில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆஸ்பர்ன் அரண்மனையைச் சார்ந்த வேட்டையில் விக்டோரியா மகாராணியாரின் மகன் கன்னாட் கோமகன் சுட்ட சன்னம், மகாராணியாரின் மருமகனான கிறிஸ்டியன் இளவரசரின் ஒரு கண்ணைப் பறித்தது. பிற்காலத்தில் இளவரசர் பல கண்ணாடிக் கண்களைச் சேர்த்து வைத்து விருந்தினருக்கு விளக்கிக் காட்டுவார் என்பர். நம் காலத்திலும், 2006-ம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த டிக் செனி டெக்ஸாஸில் காடை வேட்டையின்போது தம்முடன் வந்த 78 வயது வழக்கறிஞரைச் சுட்டுவிட்டார். முகத்திலும் மார்பிலும் சன்னங்கள் பாய்ந்து மருத்துவமனையில் கிடந்து மீண்ட அம்முதியவர், வெளியே வந்ததும் செய்த காரியம், செனியும் அவர் குடும்பத்தாரும் பட்ட துன்பத்துக்காகத் தாம் வருந்துவதாகச் சொன்னதுதான்! வெலிங்டன் காலத்து உபசாரம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சுடுகளத்தின் கதை வேறு. அங்கே கூடுவோர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

பழைய மஸ்கட் துப்பாக்கியைக் கொண்டு நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மனிதனைக் குறி தவறாமல் அடிப்பது அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டிய ரைபிள் பெருவழக்குக்கு வந்தது. 1853-ம் ஆண்டின் என்ஃபீல்டு ரைபிளில் 900 கெஜத்துக்குக் குறி வைக்கலாம். குறி தவறிய குண்டு அதற்கும் அப்பால் போகும். முன்பு பக்கத்தில் நிற்பவன் கைப்பிழைக்கு மட்டும் அஞ்சினால் போதும். இப்பொழுதோ அடுத்த கிராமத்தில் கறவை மாடு மேய்ப்பவளும் அஞ்ச வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஹைத் என்ற கடற்கரை ஊரில் ஆங்கிலப் படைக்கெனத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. களத்தில் எப்போது கெட்டிப்பது, எப்போது சுடுவது, எப்போது நிறுத்துவது என்பனவெல்லாம் கட்டளைச் சொற்களாக வகுக்கப்பட்டன. கட்டளையிடுபவர் அதிகாரி, கீழ்ப்படிபவன் சிப்பாய். அங்கே சிக்கல் ஏதும் இல்லை.

சிக்கல் 1859-ம் ஆண்டில் வந்தது. மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை கடல் தாண்டி வந்துவிடும் என்ற பீதி இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டிற்று. அரசாங்கம் தொண்டர் படைகளுக்கு அனுமதி தந்தது. வக்கீல், குமாஸ்தா, கடைக்காரர், ஓவியர், தொழிலாளி எனச் சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாதவர். இவர்கள் ஞாயிறு தவிர்ந்த மாலைகளில் ஊர்ப்புறப் பொட்டல்களில் சுட்டுப் பழகினால் ஊரார் கதி என்ன? எங்கோ ஒரு நாய் அடிபட்டுச் செத்தது என்றொரு வதந்தி. அவ்வளவுதான், சீருடையில் தொண்டர் ஒருவரைக் கண்டால் தெருப் பையன்கள் ‘நாயைச் சுட்டது யார்?’ என்று கூவிக் கேலி செய்வது லண்டனில் வழக்கமாகிவிட்டது. கேலிதான், ஆயினும், அறிமுகமில்லாதவன் கைத்துப்பாக்கியைக் குறித்துப் பொதுமக்கள் முதல் முதலாக எழுப்பிய கண்டனம் என்று அதை நான் மதிக்கிறேன்.

அதே 1859-ல் தேசிய ரைபிள் சங்கம் லண்டனில் தோன்றியது. 1860-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி விம்பிள்டன் பொட்டலில் அதன் முதற் போட்டி தொடங்கியது. (விம்பிள்டன் என்றதும் நமக்கு டென்னிஸ் பந்தே நினைவுக்கு வருகிறது, டென்னிஸ் போட்டி அங்கே தொடங்கியது 1877-ல்தான்.) விக்டோரியா மகாராணியார் முதற் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைபிள் ஒன்று தாங்கியின் மேல் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. மகாராணியார் அதன் விசையோடு கட்டிய பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு 400 கெஜ தூரத்து இலக்கின் நடுப்புள்ளிக்கு ஒன்றே கால் அங்குலம் தள்ளிப் பட்டது. அந்த ஆண்டில் மகாராணியார் பெயரால் அமைந்த 250 பவுன் பரிசைப் பெற்றவர் எட்வர்ட் ராஸ் என்னும் இளைஞர்.

விம்பிள்டனில் என் கருத்தைக் கவர்ந்தவர் மகாராணியாரும் அல்லர், ராஸும் அல்லர். இலக்குக்குப் பக்கத்தில் இரும்புக் கேடயத்தின் மறைவில் பதுங்கியிருந்த அடையாளக்காரர். குண்டு எங்கே பட்டது என்று பார்த்துக் கொடியசைத்துத் தெரிவிப்பது அவர் தொழில். இலக்கைத் துடைக்கவும் வர்ணம் பூசவும் அவர் மறைவை விட்டு வெளியே வந்தாக வேண்டும். எதிரே நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அப்பால் இருப்பவர்கள் பிரபுக்களும் கனவான்களும். இவரோ கூலிக்கு வந்தவர் அல்லது சாதாரணச் சிப்பாய். அவர் முகத்தை அவர்கள் அறியார். அவர்கள் பெயரை அவர் அறியார். ஆனால் அவர் கையில் ஒரு சிவப்புக் கொடி இருந்தது. அது உயர்ந்தால் பிரபுவும் சுடலாகாது. வெலிங்டனிடம் எந்த விருந்தினரும் சொல்லத் துணியாததை, பெயரறியாத கூலிக்காரர் ஒரு முழத் துணியால் சொன்னார். ஆபத்து யாருடையதோ அவரே நிறுத்தலாம் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் பிறந்த நியாயம் அன்று இது. இரும்புக் கேடயத்தின் பின்னால் பிறந்தது.

விம்பிள்டனின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் மாநகர் வளர்ந்து வீடுகள் நெருங்கின. பக்கத்து நிலத்துக்கு உரியவரான கேம்பிரிட்ஜ் கோமகன், தம் நிலத்துக்கு ஆபத்து என்று ஆட்சேபித்தார். அவர்தாம் அப்போது ஆங்கிலப் படையின் பிரதம சேனாபதி! 1889-ம் ஆண்டோடு விம்பிள்டன் போட்டிகள் முடிந்தன. 1890 முதல் சர்ரே மாவட்டத்து பிஸ்லியில் நடைபெற்று வருகின்றன. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1871-ல் அங்கே தோன்றிய தேசிய ரைபிள் சங்கம் 1873-ல் நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூரில் அமைத்த புகழ்பெற்ற களம், சுற்றிலும் குடியிருப்புகள் பெருகியதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பின்னர் அந்த இடத்தில் மனநோய் மருத்துவமனை எழுந்தது.

களங்களை ஊருக்கு வெளியே தள்ளியதால் ஊரார் பிழைத்தனர். களத்துக்கு உள்ளே பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன காப்பு? வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். பொறுப்பாளருக்கு இருப்பவை இரண்டு கண்கள். ஆகவே கொடிக்குரிய நியாயம் குரலுக்கும் வந்து சேர்ந்தது. துப்பாக்கியைத் தவறாகக் கையாளுவதைக் காண்பவர் எவராயினும், உறுப்பினரோ விருந்தினரோ, உரக்கக் கூவலாம். கூவியதும் அனைவரும் நிறுத்தவேண்டும். கூவியது சரியா என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் வந்த வழக்கமன்று இது. இன்று உலகின் பெரும்பாலான சங்கக் களங்களில் இது புது உறுப்பினருக்கு முதல் நாளே சொல்லித்தரப்படுகிறது.

இதற்கிடையே, துப்பாக்கியை ஏந்துபவன் தனக்குத் தானே விதித்துக்கொள்ளவேண்டிய ஒழுக்கமும் எழுதப்பட்டு வந்தது. 1902-ம் ஆண்டில் மார்க் பியூஃபாய் என்ற ஆங்கிலேயர், பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், காடி வியாபாரி, தம் மகனுக்கு வேட்டை ஒழுக்கத்தைப் பாட்டாகப் பாடிக் கொடுத்தார். ‘ஒரு தந்தையின் அறிவுரை’ என்ற அந்தப் பாட்டை இன்றும் அந்நாட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் காலாள் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவி, விதிகளை நான்காகச் சுருக்கினார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இட்டதாகவே கருது என்பது முதலாவது. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாய் படியவிடாதே. குறி இலக்கில் பொருந்தும் வரை விரலை விசையிலிருந்து விலக்கி வை. இலக்கு இன்னதென்றும் அதற்கு அப்பால் இருப்பது இன்னதென்றும் அறிந்து சுடு என்பன ஏனையவை. நான் கண்ட பெரியவர் ஒரே திரும்பலில் முதல் மூன்றையும் மீறினார்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தமிழில் எழுதும்போது, ‘துப்பாக்கி தவறுதலாக வெடித்தது’ என்று எழுதுகிறோம். வாக்கியத்தில் எழுவாய் துப்பாக்கி, மனிதனைக் காணோம்! ஆங்கிலத்திலும் நெடுங்காலம் இப்படித்தான் எழுதினார்கள். ஆனால் பிரிட்டிஷ் இராணுவம், கருதாமல் குண்டு புறப்பட்டால் அதைத் தற்செயல் என்று சொல்லாமல் கவனக்குறைவால் சுடுதல் என்று பெயரிட்டுத் தண்டிக்கிறது. பெயரை மாற்றியதும் மனிதன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். நம் மொழியில் ‘வெடித்தது’ என்பதற்கும் ‘வெடித்தான்’ என்பதற்கும் ஒரு விகுதிதான் வேற்றுமை. அந்த ஒரு விகுதியை எழுதக் கை வராமல் நாமும் உபசாரம் செய்துவிடுகிறோம்.

இனி நம் நாடு. கௌகாத்தியில் சாந்த்மாரி என்றொரு பகுதி உண்டு. காங்டாக்கில் ஒன்று உண்டு. பீகாரில் மோதிஹாரியிலும் உண்டு. அங்கெல்லாம் வசிக்கும் தமிழ் அன்பர்கள் இப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருக்கலாம். ‘சாந்த்’ என்றால் சந்திரன். ‘மாரி’ என்றால் அடித்தல். இலக்கின் நடுவிலுள்ள வட்டத்தை நிலவாக்கி, நிலவை அடிக்கும் பயிற்சிக்குச் சாந்த்மாரி என்று இந்துஸ்தானியில் பெயரிட்டார்கள். பெயர் அழகாக இருக்கிறது. சுடுகாடு என்ற சொல் குறுக்கே நிற்பதாலோ என்னவோ, ‘சுடுகளம்’ என்று நான் எழுதும்போது சற்றே மனம் கூசுகிறது!

என்ஃபீல்டு ரைபிளைப் பழக்குவதற்காக 1857-ம் ஆண்டின் தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் நடந்தன. தோட்டாவின் கொழுப்பைப் பற்றிய பேச்சு டம்டத்தில் கிளம்பியதும் அதன் பின் விளைந்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வாண்டிலேயே சென்னையில் மெட்ராஸ் தொண்டர் காவற்படை தோன்றியது. பின்னர் 1878-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இங்கிலாந்தில் கடைக்காரன் கைத்துப்பாக்கியை அவன் பழக்கத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். இங்கே தோலின் நிறத்தைக் கொண்டு மதிப்பிட்டார்கள். 1887-ல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று தீர்மானித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1951-ல், மக்களவைத் தலைவர் மாவலங்கரைத் தலைவராகக் கொண்டு இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியிருந்தது. 1982-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளையொட்டித் தில்லி துக்ளகாபாதில் அமைந்த களம், ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்ட பிகானீர் மன்னர் கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுடுகளம் அரண்மனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் ஏந்தி நம் நாட்டின் சார்பில் நின்றதை அகமதாபாதில் உள்ள நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வர்.

இந்தப் போட்டிகளின் விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1907-ல் சூரிச் நகரில் தொடங்கியது. அதன் விதிநூலில் என் கண்ணில் பட்ட பகுதி இது: அபாயகரமான நிலை எதைக் கண்டாலும் வீரரும் உடன் வந்தவரும் உடனே பொறுப்பாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கலாம் என்று இல்லை. வேண்டும் என்றே இருக்கிறது. உரிமையாகத் தொடங்கியது கடமையாகிவிட்டது. ‘ஸ்டாப்’ என்ற கட்டளைக்குப் பின் சுடுபவர் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். சுடாத வேளைகளில் துப்பாக்கியின் அறைக்குள் செம்மஞ்சள் நிற நாடா ஒன்றைச் செருகி வைக்கவேண்டும். வெளியே தொங்கும் நாடாவைக் கண்டால், உள்ளே தோட்டா இல்லை என்று அறிமுகமில்லாதவனும் தூரத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம். விம்பிள்டனின் சிவப்புக் கொடி சிறுத்து நிறம் மாறி ஒவ்வொரு துப்பாக்கிக்குள்ளும் நுழைந்துவிட்டது போலும்!

இன்னொன்றையும் அனுபவசாலிகள் வற்புறுத்துவார்கள். கூவலாமே தவிர, தவறு செய்பவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பறிக்க முயலக்கூடாது. இழுபறியில் விரல் விசையை அழுத்திவிடும். குழல் இலக்கை நோக்கியிருக்கும்படி அவனை நிற்கச் செய்து, அவனாகவே கீழே வைக்கும்படி சொல்வதே முறை. வைவதும் உதவாது, பதறியவன் யார் வைகிறார் என்று பார்க்கத் திரும்புவான், குழலும் உடன் திரும்பும். பக்கத்தில் நிற்கும் நிபுணராலும் சில வேளை இயலாமற் போகிறது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டில் அரிசோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான களம் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தொடர்ந்து சுடும் ஊசி ரகத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அதன் உதைப்பு அவள் பிடியை மீறிற்று; அருகில் நின்று கற்பித்துக்கொண்டிருந்த பயிற்றுநர் உயிரிழந்தார். அங்கே கூவுவதற்கு நேரமே இருக்கவில்லை. கூவியிருக்க வேண்டிய தருணம், அந்தத் துப்பாக்கியை அந்தக் கைகளில் வைத்த தருணம்.

என் சிறுவனிடம் திரும்புகிறேன். பயிற்சி முடிந்தபின் அவனை அணுகி, ‘தம்பி, அவ்வளவு பெரியவரை அதட்ட உனக்குத் தயக்கமாக இல்லையா?’ என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவனுக்கு என் கேள்வி விளங்கவில்லை. இலக்கணப் பிழையோ என்று வேறு விதமாகக் கேட்டேன். அப்போதும் விளங்கவில்லை. தன் ரைபிளின் அறையைத் திறந்து, செம்மஞ்சள் நாடாவைச் செருகி, இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்து, பெட்டியில் வைத்து மூடினான். அந்தப் பெரியவர் வாயிலருகே அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டே தேநீர்க் கடைப் பக்கம் நடந்து சென்றார்கள்.